மின்வில் விளைத்த உரம்



இடி இடித்துப் பெய்யும் மழைக்குப் பயிர் நன்றாகப் பச்சை பிடிக்கும் என்று நம் உழவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, பயிரை வளர்ப்பது மழைதானே? இடிக்கும் மின்னலுக்கும் அதில் என்ன வேலை?” என்று கேட்டான். “மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிராணவாயுவையும் சேர்த்து வைக்கிறது, அது மழையோடு மண்ணில் இறங்குகிறது” என்று ஒரே வாக்கியத்தில் விடை கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். விடை சரியானதே. ஆனால் அது முழு விடையன்று. அம்மின்னலை மனிதன் ஓர் உலைக்குள் அடைத்து உரம் செய்ய முயன்ற வரலாறு ஒன்று உண்டு. அதனை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அந்த மாணவனுக்குச் சொல்லாது விட்டதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

திடம், திரவம், வாயு என்று பொருள்களுக்கு மூன்று நிலைகள் உண்டு எனப் பள்ளியில் படிக்கிறோம். பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீராகிறது. நீரைச் சூடாக்கினால் ஆவியாகிறது. ஆவியை மேலும் மேலும் சூடாக்கினாலும், வாயுவின் ஊடே வலிய மின்சாரத்தைச் செலுத்தினாலும் என்ன நேரும்? அணுக்களைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்களிற் சில தம் அணுவை விட்டுப் பிரிந்துவிடும். எலெக்ட்ரானை இழந்த அணு நேர்மின்னேற்றம் பெறும். இவ்வாறு பிரிந்த எலெக்ட்ரான்களும் மின்னேற்றம் பெற்ற அணுக்களும் கலந்து கிடக்கும் நிலையே நான்காம் நிலை. இதற்குப் பிளாஸ்மா என்று பெயர். சாதாரண வாயு மின்சாரத்தைக் கடத்தாது, பிளாஸ்மா கடத்தும். சாதாரண வாயுவை வளைக்கக் காந்தத்தால் இயலாது. பிளாஸ்மாவைக் காந்தம் வளைக்கும். இவ்விரு பண்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதை முழுவதும் இவற்றின்மேல் நிற்கிறது.

சூரியனும் விண்மீன்களும் பிளாஸ்மா. மின்னற்கோடும் பிளாஸ்மா. ஒரு விண்மீனின் வெப்பத்திற்கும் அதன் வாயு எவ்வளவு பங்கு இவ்வாறு பிரிந்து கிடக்கிறது என்பதற்கும் உள்ள தொடர்பை 1920-ஆம் ஆண்டு கணக்கிட்டுக் காட்டியவர் நம் நாட்டு அறிஞர் மேகநாத சாகா. பிளாஸ்மா என்றதும் சூரியனைப் போல அணுக்களை இணைத்து ஆற்றல் பெறும் முயற்சியையே பலரும் எண்ணுகின்றனர். அம்முயற்சி இன்னும் நிறைவேறவில்லை. ஆனால் பிளாஸ்மா அதற்கு வெகுகாலம் முன்னரே மனிதனுக்கு ஊழியம் செய்யத் தொடங்கிவிட்டது. அவ்வூழியங்களுள் ஒன்று சோற்றைப் பற்றியது. ஆதலின் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் என்ற அறிஞர் வாழ்ந்தார். 1785-ஆம் ஆண்டு அவர் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் காற்றை அடைத்து, அதனூடே மின்பொறிகளை மீண்டும் மீண்டும் பாய்ச்சினார். நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடின. அக்கூட்டுப் பொருளைக் காரக் கரைசல் உறிஞ்சிக்கொள்ள, இறுதியில் வெடியுப்பு கிடைத்தது. எவ்வளவு பொறி பாய்ச்சியும் மாறாத ஒரு சிறு குமிழி மட்டும் எஞ்சி நின்றது. மொத்த நைட்ரஜனில் அது 120-இல் ஒரு பங்குக்கு மேலில்லை என்று அவர் குறித்து வைத்தார். அக்குமிழியின் பெரும்பகுதி ஆர்கான் என்னும் வாயு என்பது 1894-இல்தான் தெரியவந்தது. காற்றிலிருந்து உரச் சத்தை எடுக்க மின்சாரத்தால் இயலும் என்பது கேவண்டிஷின் மேசைமேல் அன்றே தெளிவாகிவிட்டது. ஆயினும் நூறாண்டு காலம் அது மேசைமேலேயே இருந்தது.

அதனை உலகத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் வில்லியம் குரூக்ஸ். 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஷெபீல்டு நகரில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்களில் மின்சாரம் செல்லும்போது தோன்றும் ஒளியைக் கூட்டத்தினருக்குக் காட்டி, இது பொருளின் நான்காம் நிலை என்றார். பிளாஸ்மா என்ற பெயர் அன்று இல்லை. அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர் 1928-ஆம் ஆண்டு அப்பெயரை வழங்கினார். குருதியின் நிணநீர் தன்னுள் அணுக்களைச் சுமந்து செல்வதை இந்நிலை அவருக்கு நினைவூட்டியது என்று அவருடன் பணியாற்றிய ஒருவர் பின்னாளில் எழுதினார்.

அதே 1879-ஆம் ஆண்டில் பூமியின் மறுபுறத்தில் ஒரு போர் மூண்டது. சிலி ஒருபுறமும் பெருவும் பொலிவியாவும் மறுபுறமும் நின்று போரிட்டன. காரணங்களுள் முதன்மையானது அட்டகாமாப் பாலைவனத்தில் கிடந்த வெடியுப்பு. ஐரோப்பாவின் வயல்களுக்கு உரமாகவும் படைகளுக்கு வெடிமருந்தாகவும் பயன்பட்ட உப்பு அது. வென்ற சிலியின் கையில் உலகின் நைட்ரேட் வாணிகம் சென்று சேர்ந்தது.

1898-ஆம் ஆண்டு செப்டம்பரில் குரூக்ஸ் பிரிஸ்டல் நகரில் பிரிட்டிஷ் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக உரை நிகழ்த்தினார். கோதுமை உண்ணும் மக்களின் தொகை பெருகுகிறது. புதிதாக உழுவதற்கு நிலம் குறைந்து வருகிறது. விளைவைப் பெருக்க உரம் வேண்டும். அவ்வுரம் வரும் சிலிப் பாலைவனமோ ஒருநாள் வற்றிப்போகும் என்று அவர் எச்சரித்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. அதனைப் பயிர் உண்ணும் உருவில் மாற்றித் தருவது இரசாயன அறிஞர்களின் கடமை என்றும் கூறினார். நைட்ரஜனை மின்சுடரில் எரிக்கலாம் என்பதை அவரே முன்னர்ச் செய்து காட்டியிருந்தார். நயாகரா போன்ற பேரருவியின் மின்சாரம் மலிவாகக் கிடைத்தால் இது வாணிகமாகவும் நடக்கும் என்று கணக்கும் காட்டினார்.

நயாகராவில் முயற்சி நடந்தது. 1902-ஆம் ஆண்டு பிராட்லி, லவ்ஜாய் என்ற இருவர் ஆலை ஒன்றை நிறுவினர். சுழலும் உருளை ஒன்றின் உதவியால் எண்ணற்ற சிறு மின்விற்களைக் காற்றில் தோற்றுவித்தனர். மின்வில் என்பது இரு மின்முனைகளுக்கு இடையே வில்போல் வளைந்து எரியும் பிளாஸ்மாச் சுடர். இரசாயனம் பொய்க்கவில்லை; நைட்ரிக் அமிலம் கிடைத்தது. ஆனால் இயந்திரம் சிக்கலானது, செலவும் கட்டுப்படியாகவில்லை. 1904-ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது.

இவ்வேளையில்தான் நார்வே நாட்டிலிருந்து கிறிஸ்டியன் பிர்க்லாந்து என்ற பேராசிரியர் வருகிறார். 1867-ஆம் ஆண்டு பிறந்த இவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது உரமன்று. வடதுருவ வானில் பச்சையும் சிவப்புமாகத் திரைபோல் அசையும் துருவ ஒளியே. சூரியனிலிருந்து வரும் மின்துகள்களைப் பூமியின் காந்தம் துருவங்களை நோக்கித் திருப்புவதால் இவ்வொளி தோன்றுகிறது என்று அவர் கருதினார். வெற்றிடப் பெட்டி ஒன்றினுள் காந்த உருண்டை ஒன்றைச் சிறு பூமியாக வைத்து, மின்துகள்களைப் பாய்ச்சி, அதன் துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் தோன்றுவதைக் காட்டினார். பனி மூடிய மலைகளில் ஆய்வு நிலையங்கள் அமைக்கவும் பயணக் குழுக்களை அனுப்பவும் அவருக்குப் பெரும்பணம் தேவைப்பட்டது.

பணத்திற்காக அவர் மின்காந்தப் பீரங்கி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1903-ஆம் ஆண்டு பல்கலைக் கழக மண்டபத்தில் பெருங்கூட்டத்தின் முன் அதனை இயக்கிக் காட்டியபோது, மின்சுற்றில் குறுக்குப் பாய்ச்சல் நேர்ந்து, பேரோசையுடன் பெரிய மின்வில் ஒன்று பீரங்கியில் வெடித்துத் தோன்றியது. குண்டு பாயவில்லை. கூடியிருந்தோர் அஞ்சினர். பீரங்கி வாணிகம் அத்துடன் முடிந்தது. ஆனால் காந்தப் புலத்தின் நடுவே மின்வில் எவ்வாறு விரிந்து பரவும் என்பது பிர்க்லாந்துக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டின் தொடக்கத்தில், பிப்ரவரி மாத விருந்து ஒன்றில், சாம் ஐடா என்ற பொறியாளரை அவர் சந்தித்தார். ஐடாவிடம் அருவிகளின் உரிமை இருந்தது. அவற்றின் மின்சாரத்தை விழுங்கும் தொழில் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. காற்றிலிருந்து உரம் செய்ய மிக வலிய மின்வில் தேவை என்று ஐடா கூற, அதனைத் தம்மால் தரமுடியும் என்று பிர்க்லாந்து விடை சொன்னதாகக் கூறுவர். கையில் அருவி உடையவரும் மனத்தில் மின்வில் உடையவரும் அன்று கூட்டாளிகள் ஆயினர்.

அவர்கள் அமைத்த உலையின் செயல் மிக எளிது. நீர் ஓடிக் குளிர்விக்கும் இரு செப்புக் குழாய்கள் மின்முனைகள். அவற்றின் இடையே மாறுமின்சாரத்தால் மின்வில் எழும். இருபுறமும் நிற்கும் வலிய மின்காந்தம் அவ்வில்லை ஒருமுறை மேல்நோக்கியும், மின்சாரம் திசை மாறியதும் கீழ்நோக்கியும் தள்ளும். இது நொடிக்குப் பலமுறை நிகழ்வதால், சிறு வில் பெரியதொரு தீவட்டமாகக் கண்ணுக்குத் தோன்றும். அதனூடே காற்றைச் செலுத்தினர். மூவாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரிக் ஆக்சைடு உண்டாயிற்று. மெல்லக் குளிரவிட்டால் கூடியவை மறுபடியும் பிரிந்துவிடும்; ஆதலால் விரைந்து குளிர்வித்தனர். பின்னர் அவ்வாயுவை உயர்ந்த கோபுரங்களில் நீரோடு கலந்து நைட்ரிக் அமிலமாக்கினர். அமிலத்தைச் சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்தபோது கால்சியம் நைட்ரேட் என்னும் உரம் கிடைத்தது. உழவர்கள் அதனை நார்வே வெடியுப்பு என்று அழைத்தனர். காற்று, நீர், சுண்ணாம்புக்கல், அருவியின் வேகம் என்னும் நான்கைத் தவிர அதற்கு வேறு மூலப்பொருள் இல்லை.

1905-ஆம் ஆண்டு நோட்டோடன் என்னும் ஊரில் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சுவீடனுடன் இருந்த இணைப்பை நார்வே நீக்கிக்கொண்டது. டிசம்பர் 2-ஆம் நாள் நார்ஸ்க் ஹைட்ரோ என்னும் நிறுவனம் தோன்றியது. 1911-ஆம் ஆண்டு ரியூக்கான் பள்ளத்தாக்கில் பெரிய ஆலையும், அதற்கு மின்சாரம் தர வெமோர்க் நிலையமும் எழுந்தன. அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய நீர்மின் நிலையமாக வெமோர்க் விளங்கியது. மலைகள் சூழ்ந்த அப்பள்ளத்தாக்கில் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வெயில் விழுவதில்லை. தொழிலாளர் குளிர்காலத்தில் சூரியனைக் காண்பதற்காக 1928-இல் மலைமேல் ஏறும் கம்பிவடத் தொட்டிலை அந்நிறுவனமே அமைத்துத் தந்தது. 2013-ஆம் ஆண்டு மலையுச்சியில் பெரிய கண்ணாடிகளை நிறுவி, வெயிலை ஊர்ச் சதுக்கத்திற்குத் திருப்பிவிட்டனர்.

மாணவர்களே, இங்கே ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நைட்ரிக் அமிலம் வயலுக்கும் செல்லும்; வெடிமருந்துச் சாலைக்கும் செல்லும். 1914-இல் உலகப் போர் மூண்டபோது நார்வேயின் நைட்ரேட் வயல்களுக்கு மட்டும் செல்லவில்லை. பசியைத் தீர்க்கப் பிறந்த பொருள் அழிவுக்கும் பயன்பட்டது. குற்றம் மின்வில்லினுடையதன்று. ஆயினும் தாம் செய்யும் பொருள் எங்கே போய்ச் சேரும் என்னும் கேள்வியிலிருந்து விஞ்ஞானம் படிப்போர் விலகி நிற்க இயலாது.

பிர்க்லாந்து உர வாணிகத்தை விட்டு விலகித் துருவ ஒளி ஆராய்ச்சிக்கே திரும்பினார். கிடைத்த பொருளை அதிலேயே செலவிட்டார். நோபெல் பரிசுக்குப் பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டும் பரிசு வரவில்லை. 1917-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டோக்கியோ நகர விடுதி ஒன்றில், ஐம்பது வயது நிரம்பாத நிலையில் அவர் காலமானார். துருவ ஒளியைப் பற்றிய அவர் கொள்கையைப் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் செயற்கைக் கோள்களின் அளவீடுகள், பூமியின் காந்தக் கோடுகளை ஒட்டி மேலிருந்து மின்னோட்டம் பாய்வதை மெய்ப்பித்தன. இன்று அவற்றுக்குப் பிர்க்லாந்து மின்னோட்டங்கள் என்றே பெயர். 1994-ஆம் ஆண்டு நார்வே வெளியிட்ட 200 குரோனர் பணத்தாளில் அவர் உருவம் இடம் பெற்றது.

அவருடைய உலை என்னவாயிற்று? அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. உலைக்குள் செல்லும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கே நைட்ரிக் ஆக்சைடாகி வெளிவந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதிலேயே கழிந்தது. 1909-இல் ஜெர்மன் அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் வேறொரு வழி காட்டினார். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில் வினையூக்கியின் முன் சேர்த்து அமோனியா செய்தார். கார்ல் போஷ் அதனை ஆலையளவுக்கு வளர்த்தார். 1913-இல் ஓப்பாவ் ஆலை தொடங்கியது. ஒரே அளவு நைட்ரஜனைப் பிடிக்க அம்முறைக்கு வேண்டிய ஆற்றல், மின்வில்லுக்கு வேண்டியதைக் காட்டிலும் மிகக் குறைவு. 1920-களின் இறுதியில் நார்ஸ்க் ஹைட்ரோவும் அமோனியா முறைக்கு மாறத் தொடங்கியது. தீவட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 2015-ஆம் ஆண்டு நோட்டோடனும் ரியூக்கானும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

ஆகவே, பிர்க்லாந்து தோற்றார் என்று சொல்லலாமா? என் கருத்து அஃதன்று. குரூக்ஸ் எழுப்பிய கேள்விக்கு ஆலையளவில் பல்லாண்டு நிலைத்து நின்ற விடைகளுள் அது முற்பட்டது. காற்றிலிருந்து உரம் கிடைக்கும் என்பதை உழவன் கண்ணெதிரே மெய்ப்பித்துக் காட்டியது. பின்வந்த முறை மலிவானது என்பதனால் முன்வந்த முயற்சி வீணாகிவிடாது.

மேலும், உரத்தில் பின்தங்கிய பிளாஸ்மா வேறு பல துறைகளில் முன்னேறியது. 1857-இல் வெர்னர் சீமன்ஸ் அமைத்த மின்குழாயில் பிராணவாயு ஓசோன் ஆயிற்று. 1906-இல் பிரான்சின் நீஸ் நகரம் ஓசோனால் குடிநீரைத் தூய்மை செய்யத் தொடங்கியது. 1910-இல் பாரிசில் ஜார்ஜ் கிளாடு நியான் விளக்கைக் காட்சிக்கு வைத்தார். 1938-இல் விற்பனைக்கு வந்த குழல் விளக்கை நாம் டியூப் லைட் என்று அழைத்தோம். அதிலுள்ள ஸ்டார்ட்டர் இணைப்பைத் துண்டிக்கும் கணத்தில், சோக் உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பும். குழலுக்குள் இருக்கும் ஆர்கானும் பாதரச ஆவியும் பிளாஸ்மாவாகும். அதிலிருந்து எழும் புறஊதாக் கதிர் வெண்பூச்சில் பட்டு வெளிச்சமாகும். கேவண்டிஷின் குழாயில் எஞ்சி நின்ற அந்தச் சிறு குமிழியின் வாயுதான் இந்த ஆர்கான். இன்று எல்.இ.டி. விளக்குகள் குழல் விளக்குகளை விலக்கி வருகின்றன. ஆனால் அவ்விளக்கை இயக்கும் சில்லும், கைபேசிக்குள்ளும் கணிப்பொறிக்குள்ளும் இருக்கும் சில்லும் பிளாஸ்மா இன்றி உருவாவதில்லை. தலைமயிரைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய கோடுகளைச் சிலிக்கானில் செதுக்கும் உளி அதுவே.

விண்வெளியிலும் அது பணி செய்கிறது. மின்னேற்றிய அணுக்களை வேகமாகப் பின்னோக்கித் தள்ளி விண்கலத்தை முன்னோக்கிச் செலுத்தும் இயந்திரம் 1964-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதன்முதலாக விண்ணில் வெற்றிகரமாக இயக்கிப் பார்க்கப்பட்டது. 2007-இல் புறப்பட்ட டான் என்னும் கலம் செனான் வாயுவை இவ்வாறு பயன்படுத்தி, 2011-இல் வெஸ்டாவையும் 2015-இல் சீரிஸையும் அடைந்து இரண்டையும் சுற்றி வந்தது. நம் நாட்டிலும் காந்திநகரை அடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம், அணு இணைப்பு ஆய்வோடு நில்லாமல், மருத்துவமனைக் கழிவுகளைப் பிளாஸ்மாவின் வெப்பத்தால் சிதைப்பது, உலோகங்களின் மேற்பரப்பை உறுதியாக்குவது முதலிய தொழில்முறைகளையும் வளர்த்திருக்கிறது.

இறுதியாக மீண்டும் உரத்திற்கே வருகிறேன். இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு ஹேபர் முறையில் செய்த உரத்தைச் சார்ந்தது என்று மதிப்பிடுகின்றனர். அம்முறைக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் நிலவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இத்தொழிலால் எழுகிறது. அதனால், காற்றையும் நீரையும் வெயிலில் விளைந்த மின்சாரத்தையும் மட்டும் கொண்டு, சிற்றூரிலேயே பிளாஸ்மாவால் உரம் செய்ய இயலுமா என்று பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் மீண்டும் ஆராய்கின்றனர். பிர்க்லாந்தை வீழ்த்திய அதே கேள்வியே அவர்கள் முன்னும் நிற்கிறது: ஒரு கிலோ நைட்ரஜனைப் பிடிக்க எவ்வளவு மின்சாரம் செலவாகும்? அதற்குக் கட்டுப்படியாகும் விடை இன்னும் கிடைக்கவில்லை.

அந்த எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இன்று நடுத்தர வயது கடந்திருக்கும். அவன் இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: தம்பி, மண்ணுக்கு வேண்டிய நைட்ரஜனை மிகுதியாகத் தருபவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள், மின்னல் தருவது சிறு பங்கே. ஆனால் அச்சிறு பங்கு எவ்வாறு உண்டாகிறது என்று கேட்டவர்கள்தாம் அருவியை உரமாக்கினார்கள். நீ கேட்டது நல்ல கேள்வி. நான்தான் அவசரமாக விடை சொல்லிவிட்டேன்.

அவ்வாறு கேட்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் எழுந்து நிற்கும்போது சிரிக்காதீர்கள். முடிந்தால் நீங்களே எழுந்து நில்லுங்கள்.